நாற்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

வார இறுதிகளில் பெரியவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள். நானும் கணக்குப் பதிவேடுகளோடு பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு அந்த வயதில்தான் பென்சிலைக் கையில் எடுத்தேன். அதனால் அவர்கள் சறுக்கும் இடமெல்லாம் எனக்குப் பழக்கமான இடம். நேரம் ஒதுக்காதது, விலை உயர்ந்த சாமான்களை வாங்கிக் குவிப்பது, 'இந்த வயசுல இதெல்லாம் தேவையா' என்று தயங்குவது பற்றியெல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று. அவற்றை விட்டுவிடுகிறேன். ஓவியத்தை வைத்துத்தான் பேசப்போகிறேன். இசை, மொழி, எழுத்து எதற்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

மூளையின் மேல் பழி போடுவது

"மண்டையில ஏறமாட்டேங்குது" என்பதை வாரம் தவறாமல் கேட்கிறேன். அமெரிக்க உளவியலாளர் வார்னர் ஷாயி 1956-இல் சியாட்டிலில் ஓர் ஆய்வைத் தொடங்கி, அதே ஆட்களை ஏழாண்டுக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டே வந்தார். கண்டு புரிந்துகொள்ளும் வேகம் இளம் வயதிலிருந்தே இறங்குகிறது, உண்மைதான். ஆனால் சொல்வளம், வடிவங்களை மனத்தில் திருப்பிப் பார்ப்பது, காரணம் கண்டுபிடிப்பது போன்றவை நடுவயதில்தான் உச்சத்தில் இருந்தன. அதாவது கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். என் வகுப்பில் பாதிப் பேருக்குப் பிரச்சினை மண்டையிலேயே இல்லை. கிட்டப் பார்க்கும் கண்ணாடி போடாமல் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

பழைய பதவியையும் கூட்டிக்கொண்டு வருவது

சில காலத்துக்கு முன் ஒருவர் வந்தார். பெரிய பொறுப்பில் இருந்தவர். முதல் வகுப்பில் எல்லோரையும் போல அவரிடமும் தாள் முழுக்க நேர்கோடு போடச் சொன்னேன். நாலு கோடு போட்டார். அப்புறம், "சார், இதை நான் வீட்ல பாத்துக்கறேன், நேரா முகம் வரையறதுக்குப் போயிடலாமே" என்றார். அடுத்த வாரம், வகுப்பை எப்படி நடத்தினால் நேரம் மிச்சமாகும் என்று ஒரு திட்டமே எழுதிக்கொண்டு வந்தார். திட்டம் நன்றாகவே இருந்தது!

வரைநோட்டை மட்டும் யாருக்கும் காட்டமாட்டார். சட்டம் போட்டு மாட்டலாம் என்று அவருக்குத் தோன்றுகிற படம்தான் வெளியே வரும். அதில் கண் இரண்டும் நெற்றிக்கு ஏறி நிற்கும். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரிபாதியில்தான் கண் வரும் என்பது முகத்தைத் தொட்டவுடன் சொல்லித்தருகிற முதல் பாடம். அவர் அந்தத் தவறோடு மாதக்கணக்கில் படம் படமாக வரைந்து தள்ளினார். தவறு நடக்கிற நேரத்தில் பக்கத்தில் யாரையும் அவர் விடவில்லையே. கடைசியில் "எனக்கு இது வராது" என்று நின்றுவிட்டார். வந்திருக்கும். எனக்கு இன்றும் எரிச்சல் அதில்தான். நானும் முன்பு அப்படித்தான் இருந்தேன் என்பதால் எரிச்சல் கொஞ்சம் கூடுதல்.

குற்றம் அவருடையது மட்டும் இல்லை. இருபது வயதுப் பையன் கோணலாக வரைந்தால் "அழிச்சிட்டுத் திரும்பப் போடு" என்று சொல்லிவிடுவார்கள். ஐம்பது வயதுக்காரர் அதே கோணலை வரைந்தால், அவரில் பாதி வயதுள்ள ஆசிரியருக்கு நாக்கு எழாது. "நல்லா வந்திருக்கு சார்" என்று அடுத்த மேசைக்குப் போய்விடுவார். மரியாதை காட்டுகிறார். நஷ்டம் கற்க வந்தவருக்கு. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்ஸனும் சகாக்களும் 1993-இல் வயலின் மாணவர்களின் பயிற்சியை ஆராய்ந்து எழுதினார்கள். எத்தனை மணி நேரம் பயிற்சி வேண்டும் என்ற சண்டை அதன்பிறகு ஓயவில்லை. அது போகட்டும். பிழை உடனுக்குடன் தெரியாமல் வெறுமனே திரும்பத் திரும்பச் செய்தால் பெரிய முன்னேற்றம் இராது என்று அதில் சொன்னதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, திருத்தும் உரிமையை நீங்களேதான் வாய்விட்டுக் கொடுக்க வேண்டும். "தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க" என்று முதல் நாளே சொல்லுங்கள். ஆசிரியர் உடனே நம்பமாட்டார். முதல் தடவை திருத்தும்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துத்தான் இரண்டாம் தடவை வாயைத் திறப்பார். முகம் சுருங்கியதா, அதோடு சரி. பிறகு பாராட்டு மட்டும்தான் கிடைக்கும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் யாரும் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். "நீங்களா இருந்தா முதல்ல எதை மாத்துவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். படம் பாதியில் நிற்கும்போதே கேளுங்கள். முடிந்த படத்தைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது.

முடிந்தால் இளைஞர்கள் நிறைந்த வகுப்பில் போய் உட்காருங்கள். ஒத்த வயதுக்காரர்கள் கூடினால் ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்தே பொழுது போய்விடும். இப்படிச் சொல்வது என் வகுப்புக்கே வேட்டு வைப்பதுதான், தெரியும்.

செய்வதற்கு முன் ஊருக்கெல்லாம் அறிவிப்பது

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் என்னவாக ஆகப்போகிறோம் என்ற எண்ணம் பிறர் காதில் விழுந்துவிட்டவர்கள் அதற்காகக் குறைவாகவே உழைத்தார்கள். வாழ்த்து வாங்கியதிலேயே பாதி ஆகிவிட்ட நிறைவு. திருத்துகிறவரிடம் மட்டும் சொன்னால் போதும்.

கிராண்ட்மா மோசஸை உதாரணம் காட்டுவது

எழுபது வயதைத் தாண்டி, எண்பதை நெருங்கும்போது ஓவியத்தில் இறங்கிப் புகழ்பெற்றவர், 1860-இல் பிறந்து 1961 வரை வாழ்ந்தவர். யாராவது ஒருவர் அவரை இழுத்துவிடுவார். அதற்கு முன்பே நூலால் காட்சிகளைப் பின்னிக்கொண்டிருந்தார் என்பதையும், மூட்டுவலியால் ஊசி பிடிக்க முடியாமல்தான் தூரிகைக்கு மாறினார் என்பதையும் யாரும் சொல்வதில்லை. உங்களிடம் அப்படி ஏற்கெனவே என்ன கைப்பழக்கம் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். என்னிடம் இருந்தது கட்டம் போட்ட தாளில் நேராக எழுதும் பழக்கம். அளவு பிடிக்க அது உதவியது.

மூன்று கனவை ஒன்றாகத் தொடங்குவது

ஒன்று போதும்.

ராஜினாமாக் கடிதத்திலிருந்து தொடங்குவது

வேகமாக வளர்ந்த அமெரிக்க நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று பொருளியலாளர் பியர் அசூலேயும் சகாக்களும் கணக்கிட்டிருக்கிறார்கள். இதைப் படித்த தெம்பில் வேலையை உதறுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தத் துறையிலேயே முன் அனுபவம் இருந்தவர்கள்தான் கூடுதலாக வென்றார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. ஜோசப் ராஃபி, ஜீ ஃபெங் என்ற ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டது இன்னும் நேரடியானது: வேலையில் இருந்தபடியே தொழிலைத் தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்களுக்கு, எடுத்தவுடன் முழுநேரமாகக் குதித்தவர்களைவிடத் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு 33 சதவீதம் குறைவு. வேலையை விட்டுவிட்டு வகுப்புக்கு வருகிறவர்களிடம் நான் பார்ப்பது, கோடு கொஞ்சம் கோணலானாலும் அவர்களுக்கு வியர்த்துவிடுவது. அடுத்த மாதச் செலவு அந்தப் படத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும்போது நேர்கோடு போட்டுப் பழக யாருக்குப் பொறுமை வரும்?