மேல்தாடை முழுப் பல்செட்டைப் பழகிக்கொள்ளும் முறை

மேல் பல்செட்டு நன்றாகப் பொருந்தியிருந்தால் வாயில் நிற்பதற்குப் பசை தேவையில்லை. அண்ணத்தை மூடும் அக்ரிலிக் தகட்டுக்கும் சதைக்கும் இடையிலுள்ள மெல்லிய உமிழ்நீர்ப் படலமும், ஓரங்களிலும் கடின அண்ணம் முடிந்து மென்னண்ணம் தொடங்கும் இடத்திலும் காற்றுப் புகாதபடி அமையும் அடைப்புமே அதைப் பிடித்து நிறுத்துகின்றன. ஆகவே, குமட்டுகிறது என்பதற்காகப் பின்விளிம்பை வீட்டில் அரத்தால் தேய்த்துவிடாதீர்கள். அந்த அடைப்புப் போய்விட்டால் செட்டு கழன்று விழும். குறைக்க வேண்டுமா என்பதைப் பல் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

முதல் சில நாள்களுக்குக் குழைய வேகவைத்த அரிசிம்பருப்புச் சாதமும் கம்மங்கூழும் போதும். சிறு கவளமாக எடுத்து, இரு பக்கக் கடைவாயிலும் ஒரே நேரத்தில் மெல்லுங்கள். முன்பற்களால் கரும்பையோ முறுக்கையோ கடித்தால் செட்டின் பின்பகுதி அண்ணத்தை விட்டுக் கீழிறங்கும். நம் கொங்குப் பகுதிப் பெரியவர்கள் பலருக்கு வெற்றிலை பாக்கை விட மனம் வராது என்பதை அறிவேன். ஆனாலும் பாக்கு பல்செட்டில் கறையேற்றுவதோடு வாய்ப்புற்றுநோய்க்கும் வழிவகுக்கும் என்பதால், இதையே நிறுத்துவதற்கான நேரமாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இரவில் கழற்றி, மென்மையான பிரஷால் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, சாதாரண நீரில் போட்டு வையுங்கள். கொதிநீர் தகட்டைக் கோணலாக்கும். காலப்போக்கில் தாடையெலும்பு தேய்வதால் செட்டு தளரும்; அப்போது உட்புறத்தில் புதிய அடுக்கு சேர்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.