குதிரைவாலி மாவை பிரிண்டரில் பிழிவது எப்படி?

உணவு பிரிண்டர் சமைக்காது. பிசைந்து தரும் மாவை, கணினி சொல்லும் கோட்டில், அடுக்கின் மேல் அடுக்காகப் பிழியும், அவ்வளவுதான். முக்கால்வாசி வேலை மாவில்தான். பாலிடெக்னிக்கில் லேப் பார்க்கும் எனக்கு இதை முதல் நாளே ஓமம் சொல்லிக்கொடுத்தது. முழு ஓமத்தை அப்படியே போட்டேன். மாவு வெளியே வரும் ஒன்றரை மில்லிமீட்டர் முனையில் (நாசில்) ஒரு விதை சிக்கி, மாவு அடைத்த சிரிஞ்சின் பின்பக்கமாக மாவு பீறிட்டு வந்தது.

குதிரைவாலி, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, ஓமம் என்ற கலவை என்னுடையதல்ல. தஞ்சாவூர் உணவுப் பதனத் தொழில்நுட்ப நிறுவனத்தார் (இப்போதைய நிஃப்டெம்) இதே பொருட்களில் நார்ச்சத்துள்ள நொறுக்குத்தீனியை பிரிண்ட் செய்து 2019இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். என் அளவு: குதிரைவாலி 60 கிராம், வறுத்த பயறு 25, பொட்டுக்கடலை 14, ஓமம் 1. எல்லாவற்றையும் நைசாகப் பொடித்து இரண்டு முறை சலியுங்கள். முற்றிய முருங்கைக்கீரை வீணாகிறதா? காயவைத்துப் பொடித்து ஒரு ஸ்பூன் சேர்க்கலாம். காம்பு மட்டும் வேண்டாம், அது ஓமத்துக்கு அண்ணன்.

தண்ணீருக்குக் கணக்கு சொல்ல மாட்டேன். மாவு அரைபட்ட விதத்தைப் பொறுத்தது. விரலால் தொட்டு எடுத்தால் சிறு கூம்பாக நிற்க வேண்டும். என் முதல் பிரிண்ட் மூன்றாவது அடுக்கிலேயே சரிந்தது. எட்டிப் பார்த்த அம்மா, “மாவு இளகிப்போச்சுடா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அரை மணி நேரம் மூடிவைத்த பிறகு நின்றது.

சிரிஞ்சில் காற்றுக்குமிழி இல்லாமல் அடையுங்கள். பிளாஸ்டிக் பிரிண்ட் செய்த பழைய பித்தளை நாசில் கூடவே கூடாது, பித்தளையில் ஈயம் கலந்திருக்கலாம், எவர்சில்வர்தான் சரி.

அப்புறம் இன்ஃபில், அதாவது துண்டின் உள்ளே எவ்வளவு நிரப்புவது என்பது. இதுதான் பிரிண்டரின் உண்மையான லாபம். முழுக்க நிரப்பினால் வெளியே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். 40 சதவீதம் வைத்தால் உள்ளே வலைபோல இடைவெளி விழும், சூடு நடுவரை போகும். எண்ணெய்ச் சட்டியே வேண்டாம்; ஓவனில் 160 டிகிரியில் வைத்து, 15 நிமிடத்துக்குப் பிறகு பார்த்துப் பார்த்து எடுங்கள்.

ஒரு துண்டுக்கு ஆறேழு நிமிடம் ஆகும். அதற்குள் அம்மா அச்சில் ஒரு ஈடு முறுக்கே எடுத்துவிடுவார். ஆனால் துண்டுக்குத் துண்டு எடை மாறாததால், அப்பாவின் உப்பைக் கிராம் கணக்கில் குறைக்க முடிகிறது.

முடிந்ததும் சிரிஞ்சை உடனே தண்ணீரில் போடுங்கள். மாவு காய்ந்துவிட்டால் பல்குச்சியும் கையுமாக உட்கார வேண்டியதுதான்.