கடைசி வரிசைக்கும் தெரிகிற ஸ்லைடு: முதன்முறை தயாரிப்பவர்களுக்கு

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் அண்ணன் மகள், கல்லூரிக் கருத்தரங்கில், 2011இல் கடலூரைத் தாக்கிய 'தானே' புயலைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. முதல் ஸ்லைடிலேயே பதினான்கு வரிகள். "யார் படிப்பார்கள்?" என்றேன். "நான்தான், சித்தப்பா!" என்றாள். பேசுபவர் பார்த்துக்கொள்ள ஸ்லைடுக்குக் கீழே குறிப்புப் பகுதி இருக்கிறது. வரிகளை எல்லாம் அங்கே இறக்கச் சொன்னேன்.

முதலில் கணினியை மூடிவிட்டுத் தாளை எடுங்கள். கேட்பவர் எதை நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்? ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதற்கு உதவாத ஸ்லைடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்து, ஒரு ஸ்லைடுக்கு ஒரு செய்தி. அவள் 'பாதிப்புகள்' என்று தலைப்பிட்டு ஏழு புள்ளிகளை அடுக்கியிருந்தாள். அதை மாற்றினோம். தலைப்பு: 'ஒரே காலையில் முந்திரித் தோப்புகள் சாய்ந்தன'. கீழே வேரோடு விழுந்த மரத்தின் படம், ஸ்லைடு முழுக்க. ஓரத்தில் '2011 டிசம்பர் 30'. மீதியை வாயால் சொல்லலாம்.

மூன்றாவது, எழுத்து. தமிழுக்கு இதில்தான் கவனம் அதிகம் தேவை. 'கீ'யின் சுழி மேலே ஏறும், 'கூ'வின் கால் கீழே இறங்கும். வரிகளை நெருக்கினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். வரி இடைவெளியை 1.2 ஆக்குங்கள், அளவு 28க்குக் குறைய வேண்டாம். எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிவதற்கான பொதுக் குறியீடான யூனிகோடில் அமைந்த எழுத்துருவையே பயன்படுத்துங்கள். புதுச்சேரியில் ஓர் அரங்கில், பழைய எழுத்துருவில் நான் தட்டிய தலைப்பு முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் திரையில் விரிந்தது. அன்றிலிருந்து பிடிஎஃப் பிரதி ஒன்று இல்லாமல் கிளம்புவதில்லை.

நிறத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கும் வகுப்பறையில் வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து போதும். மஞ்சள் எழுத்து வெயிலில் காணாமல் போகும். பட்டை வரைபடத்தில் நீங்கள் பேசப்போகும் பட்டைக்கு மட்டும் நிறம் கொடுங்கள், மற்றவை சாம்பல்.

கடைசியாக, ஸ்லைடை முழுத் திரையில் ஓடவிட்டுப் பத்தடி தள்ளி நின்று படியுங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் சொற்களைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

இருபத்திரண்டு ஸ்லைடுகள் ஒன்பதாயின. 'நன்றி' ஸ்லைடில் இருந்த ரோஜாப்பூவை மட்டும் எடுக்க மறுத்துவிட்டாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.