மலையில் ஆர்க்கிட் வாங்கும்போது சென்னைக்காரர்கள் தவிர்க்க வேண்டியவை

ஊட்டி, கொடைக்கானல் போனால் ஆர்க்கிட் நர்சரிக்குள் நுழையாமல் திரும்ப மனசு வராது. வெளியே பனிமூட்டம், உள்ளே வரிசை வரிசையாகப் பூ. பூவைப் பார்த்ததுமே விலை கேட்டுவிடுகிறோம். பெரிய தவறு அதுதான்.

புல் போல நீண்ட இலையும் ஒரே தண்டில் பத்துப் பதினைந்து பூவுமாக நிற்பது பெரும்பாலும் சிம்பிடியம். அது மொட்டு விட, இரவில் 10 முதல் 15 டிகிரி வரை இறங்கும் குளிர் சில வாரங்களாவது வேண்டும். சென்னையில் ஜனவரி இரவே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வாங்கி வந்த பூ ஒன்றிரண்டு மாதம் நிற்கும், அப்புறம் வருஷக்கணக்கில் வெறும் இலைதான். உரம் போட்டுப் பார்த்து, இடம் மாற்றிப் பார்த்து, கடைசியில் தன் கைராசியை நொந்துகொள்கிறவர்களைக் கண்டால் வருத்தமாக இருக்கிறது. மாம்பலத்து பால்கனிக்கு டெண்ட்ரோபியம், வாண்டா சரியாக வரும். டெண்ட்ரோபியத்திலும் குளிர் கேட்கும் வகைகள் உண்டு. அதனால் "சென்னையில் பிழைக்குமா?" என்பதோடு நிறுத்தாமல், "அங்கே பூக்குமா?" என்றும் கேளுங்கள்.

அடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாகவும், தண்ணீர் பட்டதும் பச்சையாகவும் இருக்கும். அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். பழுப்பேறி, தோல் உருவிக்கொண்டு வந்தால் அழுகிவிட்டது என்று அர்த்தம்.

பூவைத் தொடாதீர்கள், குழந்தைகளையும் தொட விடாதீர்கள். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தூணின் நுனியில் ஒரு குட்டி மூடி, அதற்கடியில் மஞ்சள் மகரந்த உருண்டைகள். அது உதிர்ந்துவிட்டால், பல வாரம் நிற்க வேண்டிய பூ சில நாளிலேயே வாடிவிடலாம்.

மலைப்பாதை ஓரத்தில் பாசியும் மரப்பட்டையும் ஒட்டியபடி விற்கிற செடி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அது காட்டு மரத்திலிருந்து பிய்த்து எடுத்ததாக இருக்கும். ஆர்க்கிட் விதை தூசி போன்றது. அதற்குள் சேமித்த உணவு கிடையாது, காட்டில் ஒரு பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் முளைக்கும். முளைத்துப் பூக்கப் பல வருஷம் ஆகும். சில இனங்களைப் பிடுங்குவது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. காட்டு இனங்களைப் பார்க்க ஆசையிருந்தால் ஏற்காட்டில் மத்திய அரசின் ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. விரல் நகம் அளவுகூட இல்லாத பூக்களை அங்கே நிதானமாகப் பார்க்கலாம்.

திரும்பும் வழியில் சாப்பிட இறங்கினால், கண்ணாடி ஏற்றிய காரில் செடியை விட்டுப் போகாதீர்கள். அந்தச் சூட்டில் மொட்டெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் செம்மண்ணில் நடுகிறவர்கள் நிறையப் பேர். மரத்தில் காற்றாட வளரும் டெண்ட்ரோபியம், வாண்டா போன்ற வகைகளின் வேர் மண்ணில் மூச்சுமுட்டி அழுகிவிடும். கரித்துண்டு, ஓட்டுச்சில்லு, தேங்காய் மட்டை போதும். செடியை அதில் மாற்றி நடுவதையும் பூ முடிந்த பிறகு செய்யுங்கள். உப்பேறிய போர் தண்ணீர் வேர் நுனியைக் கருக்கும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதை ஊற்றுங்கள், இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர்.