தலப்படமும் ஜிபிஎஸ் புள்ளியும் பொருந்தாதபோது: நிலப்படம் வரைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்மாய்களை நிலப்படமாக்கக் கற்றுக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு உதவியாக, அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பில் இரண்டு நாட்கள் உடனிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளை, ஏறக்குறைய அதே வரிசையில், அவர்களும் செய்தார்கள். வடக்குக் குறி இல்லை, குறியீட்டு விளக்கம் இல்லை என்பன போன்ற குறைகள் எவர் கண்ணிலும் உடனே பட்டுவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். பார்வைக்கு முழுமையாகத் தோன்றும் படத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

பொருந்தாத லேயரைக் கையால் நகர்த்துதல்

இந்தத் தவறு எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

மதுரைப் பக்கம் 40 கண்மாய்களின் படத்தைத் தயாரிக்கும் பணி அது. பழைய தலப்படத்தை (மேடுபள்ளம், நீர்நிலை, சாலை ஆகியவற்றைக் காட்டும் அளவைப் படத்தை) ஸ்கேன் செய்து, அதன் மூலைகளில் அச்சிடப்பட்டிருந்த அட்சக்கோட்டு, தீர்க்கக்கோட்டு எண்களைக் கணினியில் கொடுத்துக் கண்மாய்க் கரைகளை வரைந்து முடித்தேன். மதகுகளில் நின்று ஜிபிஎஸ் கருவியில் எடுத்த புள்ளிகளை அதன்மேல் இட்டபோது, ஒரு புள்ளிகூடக் கரையில் விழவில்லை. எல்லாம் ஏறத்தாழ 200 மீட்டர் விலகி நின்றன. கருவி மலிவானது, அதனால்தான் இப்படி என்று முடிவுசெய்து, லேயரை, அதாவது கணினிப் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இடும் அடுக்குகளில் ஒன்றை, கையால் இழுத்துப் பொருத்தினேன். எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில், ஒரே அளவில் விலகியிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். கருவியின் பிழை புள்ளிக்குப் புள்ளி மாறும்; இப்படி அணிவகுத்து விலகாது.

காரணம் டேட்டம். பூமியின் வடிவத்தை ஒரு நீள்கோளமாகக் கொண்டு, அந்த நீள்கோளத்தைப் பூமியோடு எப்படிப் பொருத்துகிறோம் என்று வரையறுப்பதே டேட்டம். எந்த டேட்டத்தில் எடுத்தவை என்று சொல்லாதவரை, அட்சக்கோட்டு, தீர்க்கக்கோட்டு எண்கள் ஓர் இடத்தை முழுமையாகக் குறிப்பதில்லை. இந்திய நில அளவைத் துறையின் பழைய தலப்படங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு (அளவைக்கு அடிப்படையான நேர்கோடு) அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிவைத்த பெரும் அளவைப் பணியின் முடிவுகளிலிருந்து ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணித்தது அது. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 நீள்கோளத்தைவிட அதன் நிலநடுக்கோட்டு ஆரம் 800 மீட்டருக்கும் மேல் குறைவு. இந்தியத் துணைக்கண்டத்தின் நிலப்பரப்போடு நன்கு பொருந்தும்படி அது அமைக்கப்பட்டதால், அதன் மையமும் பூமியின் மையத்திலிருந்து பல நூறு மீட்டர் தள்ளியிருக்கிறது. ஆகவே ஒரே எண்கள் இரண்டு டேட்டங்களில் இரண்டு வேறு இடங்களைக் குறிக்கின்றன. 1:50,000 அளவைப் படத்தில் 200 மீட்டர் என்பது 4 மில்லிமீட்டர். நிலத்திலோ அது ஒரு சிறிய கண்மாயின் கரையைப் பக்கத்து வயலுக்குள் கொண்டுபோய் வைத்துவிடும்.

கையால் இழுத்த படம் அந்தக் கிராமத்தில் பொருந்தியது போலவே இருந்தது. முறையாக மாற்றப்பட்டிருந்த அடுத்த தாளோடு அதை இணைத்தபோது சாலைகள் ஒட்டாமல் உடைந்தன, ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிளந்தது. அதற்குள் அச்சிட்ட படிகள் ஊராட்சிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அவற்றைத் திரும்பப் பெற்று, 40 கண்மாய்களையும் மறுபடி வரைந்து சரிபார்க்க மூன்று வாரங்கள் ஆயின.

பயிற்சி வகுப்பில் ஒரு மாணவர் டேட்டத்தை அறிந்திருந்தார். ஆனால் அதைச் சரிசெய்ய லேயரின் பண்புகளைத் திறந்து எவரெஸ்ட் என்றிருந்ததை டபிள்யூஜிஎஸ் 84 என்று பெயர் மாற்றினார். குழிக் கணக்கில் எழுதியிருந்த நிலத்தைச் சென்ட் என்று திருத்தி எழுதியதற்குச் சமம் இது. முதலில் லேயருக்கு அதன் உண்மையான டேட்டத்தை அறிவிக்க வேண்டும். பிறகு அதை உருமாற்றிப் புதிய கோப்பாகச் சேமிக்க வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள், க்யூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் வெவ்வேறு கட்டளைகள். உருமாற்றிய பின், இடம் மாறாத மூன்று நான்கு அடையாளங்களில், பழைய கோவில் கோபுரம், பாலம், மதகு போன்றவற்றில், நின்று எடுத்த புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வரையத் தொடங்குங்கள்.

இதே பகுதியில் இன்னொரு கண்ணியும் உண்டு. பூமியைத் தீர்க்கக்கோட்டின்படி மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறையில் 43, 44ஆம் மண்டலங்களைப் பிரிக்கும் 78° கிழக்குத் தீர்க்கக்கோடு மதுரை மாவட்டத்தின் ஊடே செல்கிறது. உசிலம்பட்டி 43இலும் மதுரை நகரம் 44இலும் விழுகின்றன. பணி முழுவதற்கும் ஒரே மண்டலத்தைத் தேர்ந்து அதை எழுதிவையுங்கள்.

இணைய நிலப்படத்தின் மேல் பரப்பளவு கணக்கிடுதல்

பெரும்பாலான இணைய நிலப்படங்கள் வெப் மெர்கேட்டர் கோட்டுச்சட்டத்தில் (உருண்டையான பூமியைத் தட்டையாக்கிக் காட்டும் ஒரு முறையில்) அமைந்தவை. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக அது பரப்பைப் பெருக்கிக் காட்டும். அந்தச் சட்டத்தின் மீட்டர் அளவில் நேரடியாகக் கணக்கிட்டால், சென்னை அருகே ஒரு ஏரியின் பரப்பு 5 விழுக்காட்டுக்கும் மேல் கூடிவிடுகிறது; ஸ்ரீநகரில் ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுகிறது. நம் ஊரில் வேறுபாடு சிறிது என்பதே இதிலுள்ள ஆபத்து, ஏனெனில் யாரும் சந்தேகப்படுவதில்லை. பரப்பளவை நீள்கோளத்தின் மேலோ, சமபரப்புக் கோட்டுச்சட்டத்திலோ கணக்கிட வேண்டும்.

அளவையை எண்ணில் மட்டும் எழுதுதல்

ஏ3 தாளுக்கு வரைந்த படம் ஏ4இல் அச்சாகும் நாளில் 1:50,000 என்பது பொய்யாகிவிடும். படத்தோடு சேர்ந்து சுருங்கும் கோட்டு அளவையை (தூரம் குறித்த சிறு கோட்டை) சேருங்கள்.

எண்ணிக்கைக்கு வண்ணம் பூசுதல்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் 46 லட்சம் பேர் ஏறத்தாழ 175 சதுர கிலோமீட்டரில் வாழ்ந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏறக்குறைய 40 லட்சம் பேர் 4,400 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் வாழ்ந்தார்கள். மொத்த எண்ணிக்கைக்கு வண்ணம் பூசினால் இரண்டும் ஒரே அடர்நிறம் பெற்று, பரப்பில் பெரியதான காஞ்சிபுரமே கண்ணை நிறைக்கும். எண்ணிக்கையை அளவு மாறும் வட்டங்களால் காட்டுங்கள். வண்ணத்தை அடர்த்திக்கும் விகிதத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் இருந்தவை 32 மாவட்டங்கள். இன்றைய 38 மாவட்ட எல்லைகளின் மேல் அந்தத் தரவை அப்படியே ஏற்றக் கூடாது.

ஊர்ப் பெயர்கள்

ஆங்கிலப் பட்டியலிலிருந்து பெயர்களைத் தானாகத் தமிழாக்கினால் ல, ள, ழ வேறுபாடு அழிந்து பழனி பலனியாகிவிடும். தன் ஊரின் பெயரைப் பிழையாகக் காணும் ஒருவர் அந்தப் படத்தின் மற்ற விவரங்களையும் நம்ப மாட்டார். நம்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஊராட்சி அலுவலகப் பலகையையோ, ஊரில் உள்ளவர்களையோ கேட்டு எழுதுங்கள். மலைத்தொடர், ஆறு ஆகியவற்றின் பெயரை நீளவாக்கில் பரப்பி எழுதும்போது மென்பொருளின் எழுத்து இடைவெளியை அப்படியே கூட்டாதீர்கள். சில மென்பொருள்களில் கொம்பும் காலும் மெய்யிலிருந்து பிரிந்து ‘கொள்ளிடம்’ என்ற சொல்லே சிதறிப்போகும். ஒவ்வொரு உயிர்மெய்யையும் தனித்தனி லேபிளாக வைத்து ஆற்றின் வளைவோடு அமைப்பதற்குக் கூடுதலாக அரைமணி நேரம் ஆகும்.