அமெரிக்காவில் விவாகரத்துக்குப் பிறகு மருத்துவக் காப்பீடு: எதை எப்போது செய்யணும்?

கணவர் அல்லது மனைவியின் கம்பெனி இன்சூரன்ஸில் டிபெண்டன்ட்டாக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் கணவர், மனைவி, பிள்ளைகளுக்குத் தரும் விசா) வந்து, கார்டை நீட்டினால் போதும் என்று வருடக்கணக்கில் பழகிப்போன நம் பெண்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களை நினைத்துத்தான் முக்கியமாக எழுதுகிறேன். தீர்ப்பு வந்த நாளிலோ அந்த மாதக் கடைசியிலோ (திட்டத்தைப் பொறுத்தது) அந்தக் கார்டு செல்லாமல் போய்விடும், அதை யாரும் போன் போட்டுச் சொல்ல மாட்டார்கள்.

படி 1: வழக்கு நடக்கும்போது

வழக்குப் போட்டதாலேயே காப்பீடு போகாது. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில், வழக்கு முடியும்வரை ஒருவர் மற்றவரை இன்சூரன்ஸிலிருந்து நீக்கக் கூடாது என்ற உத்தரவு தானாகவே அமலுக்கு வந்துவிடும். உங்கள் மாநிலத்தில் எப்படி என்று வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். விவாகரத்து வரப்போகிறது என்பதற்காகவே உங்கள் பெயரை முன்கூட்டி எடுத்துவிட்டாலும், கீழே சொல்லும் கோப்ரா உரிமை (விவாகரத்துக்குப் பிறகும் அதே காப்பீட்டில் தன் செலவில் தொடரும் உரிமை) அதனால் போய்விடாது. தீர்ப்புத் தேதியிலிருந்து அதை நீங்கள் கேட்டு வாங்கலாம்.

இந்தச் சமயத்திலேயே திட்டத்தின் விவரப் புத்தகத்தை ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு, எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

படி 2: ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது

விவாகரத்து ஆனபிறகு முன்னாள் துணைக்குக் காப்பீடு எடுத்துத் தரும் கடமை தானாக வருவதில்லை. ஒப்பந்தத்திலோ தீர்ப்பிலோ எழுதியிருந்தால்தான் உண்டு. "இன்சூரன்ஸை அவர் பார்த்துக்கொள்வார்" என்று ஒற்றை வரி போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், அது எதற்கும் உதவாது. மாதப் பிரீமியத்தை யார் கட்டுவது, உங்கள் கையில் தருவாரா நேராகத் திட்டத்துக்கே கட்டுவாரா, எத்தனை மாதம், அவருக்கு வேலை போனால் என்ன, உங்களுக்கு வேலையோடு இன்சூரன்ஸ் கிடைத்தால் என்ன, தீர்ப்புக்கு முந்தைய ஆஸ்பத்திரி பில் யாருடையது, இத்தனையும் எழுத்தில் வரணும்.

இன்னொன்று. நீதிமன்றத் தீர்ப்பு கட்டுப்படுத்துவது அவரைத்தான், கம்பெனியின் காப்பீட்டுத் திட்டத்தை அல்ல. "மனைவி இதே திட்டத்தில் தொடரலாம்" என்று எழுதிக்கொண்டாலும், திட்டத்தின் விதியில் முன்னாள் மனைவிக்கு இடமில்லை என்றால் இல்லைதான். மாசசூசெட்ஸ் இதற்கு ஒரு விதிவிலக்கு. அங்கே இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கிய திட்டமாக இருந்தால், தீர்ப்பு வேறு மாதிரி சொல்லாதவரை, இருவரில் ஒருவர் மறுமணம் செய்யும்வரை முன்னாள் துணை தொடரலாம். ஆனால் பெரிய கம்பெனிகள் பல தங்கள் பணத்திலேயே நடத்தும் திட்டங்களை அந்தச் சட்டம் கட்டாது.

சிலர் இரக்கப்பட்டு, விவாகரத்தைச் சொல்லாமலேயே பழைய திட்டத்தில் வைத்திருப்பார்கள். தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் தெரியவந்தால், கட்டிய ஆஸ்பத்திரிச் செலவைத் திட்டம் திருப்பிக் கேட்கலாம், அவர் வேலைக்கும் ஆபத்து, அந்த நேரத்தில் உங்கள் கோப்ரா கெடுவும் தாண்டிப் போயிருக்கும்.

படி 3: 60 நாளுக்குள் கடிதம்

இந்தப் பதிவிலேயே முக்கியமானது இதுதான். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனி என்றால் பொதுவாகக் கோப்ரா என்ற மத்திய சட்டம் பொருந்தும், விவாகரத்தானவர் அதே காப்பீட்டில் தன் செலவில் 36 மாதம் வரை தொடரலாம். அதைவிடச் சின்னக் கம்பெனி என்றால் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள், கலிஃபோர்னியாவில் 2 முதல் 19 பேர் உள்ள கம்பெனிகளுக்கும் 36 மாதம் உண்டு. விசா எது என்று கோப்ரா கேட்பதில்லை. ஆனால் எச்-4 நிலை திருமணத்தோடு முடிந்துவிடும், அதற்குக் குடிவரவு வக்கீலைத் தனியாக உடனே பாருங்கள்.

விவாகரத்து ஆனதைத் திட்ட நிர்வாகிக்கு (கம்பெனியின் காப்பீட்டுத் திட்டத்தை நடத்துபவர்) தெரிவிக்க, குறைந்தது 60 நாள் அவகாசம் தருவார்கள். நாள் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பது விவரப் புத்தகத்தில் இருக்கும், நீங்கள் தீர்ப்புத் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். அவர் சொன்னாலும் போதும், நீங்கள் சொன்னாலும் போதும். நீங்களே சொல்லுங்கள்! எச்ஆரிடம் வாயால் சொன்னதை நம்பாமல், விவரப் புத்தகத்தில் உள்ள முகவரிக்கு, தீர்ப்பின் நகலோடு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வரும் தபாலில் அனுப்புங்கள்.

கடிதத்தில் உங்கள் புது முகவரியைப் பெரிதாக எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இதில்தான் மாட்டிக்கொண்டார். கோப்ராவில் சேரும் படிவம் பழைய வீட்டுக்குப் போனது, அங்கே பிரிக்காமலே கிடந்தது, அவர் கைக்கு வரும்போது கெடு முடிந்துவிட்டது. கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பிவிட்டால் நிர்வாகி தன் கடமையைச் செய்ததாகத்தான் கணக்கு. அவர் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை.

படி 4: படிவம், பணம்

கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் நிர்வாகி படிவம் அனுப்ப வேண்டும். கோப்ரா வேண்டுமா என்று முடிவெடுக்க உங்களுக்கு 60 நாள், சேர்ந்தபிறகு முதல் பணம் கட்ட 45 நாள். காப்பீடு நின்ற நாளிலிருந்தே பின்தேதியிட்டு அமலுக்கு வரும், அதனால் முதல் தடவை விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்துக் கட்டணும்.

தொகை பயமுறுத்தும், அதற்குத் தயாராக இருங்கள். இதுவரை சம்பளத்தில் பிடித்தது ஒரு பங்குதான், மீதியைக் கம்பெனி கட்டியது. இனி முழுத்தொகையும் அதற்கு மேல் 2 சதவீதமும் உங்களுடையது. உங்கள் ஒருவருக்கான முழுப் பிரீமியம் மாதம் 800 டாலர் என்றால் 816 வரை கேட்கலாம்.

படி 5: மார்க்கெட்பிளேஸோடு ஒப்பிடுவது

கம்பெனிக் காப்பீடு போனால், அரசின் மார்க்கெட்பிளேஸில் (நாமே காப்பீட்டுத் திட்டங்களை ஒப்பிட்டு வாங்கும் இடம்) தனித்திட்டம் எடுக்கவும் 60 நாள் கிடைக்கும். வருமானம் குறைவாக இருந்தால் பிரீமியத்தில் உதவியும் கிடைக்கலாம். சரி, எது நல்லது? நடுவில் ஒரு சிகிச்சை ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த வருட டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கட்டத் தொடங்கும் முன் நாம் கைக்காசில் கட்டும் தொகை) ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, அதே டாக்டர்தான் வேண்டும் என்றால் நான் கோப்ராவைச் சொல்வேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, கையில் பணமும் குறைவு என்றால் முதலில் மார்க்கெட்பிளேஸைப் பாருங்கள். கோப்ராவில் சேர்ந்து அந்த 60 நாளும் கடந்தபின், பணம் கட்ட முடியாமல் நடுவில் விட்டால், பொதுவாக அடுத்த வருடாந்திரச் சேர்க்கைக் காலம்வரை மார்க்கெட்பிளேஸில் நுழைய முடியாது. அதனால் இந்த முடிவை அவசரத்தில் எடுக்காதீர்கள்.

படி 6: குழந்தைகள்

பெற்றோர் பிரிந்தாலும் பிள்ளைகள் 26 வயது வரை உங்கள் முன்னாள் துணையின் திட்டத்திலேயே இருக்கலாம். அவர் சேர்க்க மறுத்தால், கம்பெனித் திட்டத்தையே நேரடியாகக் கட்டுப்படுத்தும் தனி நீதிமன்ற உத்தரவு ஒன்று இருக்கிறது, வக்கீலிடம் அதைக் கேளுங்கள். இரண்டு பேர் திட்டத்திலும் பிள்ளை இருந்தால், முதலில் கட்ட வேண்டியது யாருடைய திட்டம் என்பதைத் தீர்ப்பில் எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பில்லுக்கும் இரண்டு கம்பெனிக்கு நடுவில் அலைய வேண்டியிருக்கும்.

அப்புறம், கோப்ரா எடுத்தவர்கள் 36-வது மாதம் எது என்று இன்றைக்கே காலண்டரில் குறித்துவிடுங்கள். அதற்கு 60 நாள் முன்பிருந்தே மார்க்கெட்பிளேஸில் விண்ணப்பிக்கலாம்.