நெஞ்சுல நீர் கோத்திருக்கா? சிஆர்பி ரத்த டெஸ்ட்ட மட்டும் பாத்து ஏகேடி, அதாவது டிபி மருந்து, எழுதாதீங்க

ஊர்லேருந்து மும்பைக்கு மெடிசின் ரெசிடென்சிக்கு வர்ற தம்பி தங்கச்சிங்க ஒவ்வொரு பேட்ச்சும் அதே தப்பதான் பண்றாங்க. சாம்பிள்ல பேர் மாத்தி எழுதுறது, ரைட்டு லெஃப்ட்டு குழம்புறதெல்லாம் சிஸ்டருங்களே திட்டி சரி பண்ணிடுவாங்க, அத விட்டுடுறேன்.

ஈஎஸ்ஆர் ஏறியிருக்கு, அப்ப டிபிதான்

எனக்கு இன்னமும் கடுப்பாகுறது இதுதான். எக்ஸ்ரேல ஒரு பக்கம் வெள்ளையா இருக்கு, ஈஎஸ்ஆர் (ரத்தத்துல சிவப்பணு படியுற வேகம்) 90, சிஆர்பியும் ஜாஸ்தி, மும்பைல டிபி நெறைய, அவ்ளோதான், ஊசி போட்டு நீரை எடுத்துப் பாக்காமலே ஏகேடி ஆரம்பிச்சுடுறது. சிஆர்பி கல்லீரல்ல உருவாகுற புரதம், உடம்புல எங்க இன்ஃப்ளமேஷன் (அழற்சி) இருந்தாலும் ஏறும், நிமோனியா, டிபி, கேன்சர், ருமடாய்டு மூட்டுவாதம் எல்லாத்துலயும். ஈஎஸ்ஆர் ரத்தசோகைக்கே ஏறும். லோக்கல் ட்ரெயின்ல யாரோ சங்கிலிய இழுத்துட்டாங்கன்னு தெரியும், எதுக்கு இழுத்தாங்கன்னு தெரியாதுல்ல, அந்த மாதிரி.

தாராவில இட்லி வியாபாரம் பண்ற பெரியவர் ஒருத்தர், வெளில ஒரு கிளினிக்ல இப்படித்தான் மருந்து ஆரம்பிச்சிருக்காங்க. மகன் ஃபைலோட வந்தாரு. "சார், அப்பாக்கு யூரின் ஆரஞ்சு கலர்ல போவுது, மருந்து வேலை செய்யுதுன்னாங்க, ஆனா மூச்சு வாங்குறது குறையவே இல்லியே." அது ரிஃபாம்பிசின்ங்கிற டிபி மருந்தோட கலர், வேற ஒண்ணும் இல்ல. ஃபைல பொரட்டினா சிஆர்பி, ஈஎஸ்ஆர் ரிப்போர்ட்டு வரிசையா இருக்கு, ஃப்ளூயிட் ரிப்போர்ட்டு ஒண்ணு கூட இல்ல. கண்ணு வேற மஞ்சளா இருந்துச்சு, மருந்து கல்லீரலையும் பதம் பாத்திருக்கு. டேப் பண்ணா, அதாவது ஊசி போட்டு நீரை எடுத்தா, ரத்தம் கலந்த நீர், சைட்டாலஜில (நீர்ல இருக்குற செல்ல மைக்ராஸ்கோப்ல பாக்குறது) அடினோகார்சினோமான்னு கேன்சர். அத்தன நாளும் வீணாப் போச்சு.

"ஏகேடி குடுத்தோம், நீர் வத்திடுச்சு, அப்ப டிபிதானே"ன்னும் சிலர் வாதம் பண்ணுவாங்க. நிமோனியாவோட வர்ற நீரும் வத்தும், டிபி நீரே மருந்தில்லாம தானா வத்துறது உண்டு, பின்னாடி டிபி வேற ரூபத்துல வந்து நிக்கும். வத்துனது சாட்சி ஆகாது.

அதனால அல்ட்ராசவுண்ட்ல பாத்து டேப் பண்ணுங்க, அன்னிக்கே ரத்தமும் எடுங்க. ரிச்சர்ட் லைட்ங்கிற டாக்டர் 1972ல குடுத்த கணக்குக்கு நீர், ரத்தம் ரெண்டும் வேணும்: ரத்தத்தோட ஒப்பிட்டா நீரோட புரத விகிதம் 0.5க்கு மேல, எல்டிஹெச் (ஒரு என்சைம்) விகிதம் 0.6க்கு மேல, இல்ல ஃப்ளூயிட் எல்டிஹெச் ரத்தத்தோட நார்மல் உச்சத்துல மூணுல ரெண்டு பங்குக்கு மேல, இதுல ஒண்ணு இருந்தாலும் எக்ஸுடேட் (இன்ஃபெக்சன், கேன்சர் மாதிரி நோயால கசியுற நீர்). கூடவே செல் கவுன்ட், சுகர், ஏடிஏ (டிபில ஏறுற ஒரு என்சைம்), கல்ச்சர், சைட்டாலஜி. சைட்டாலஜி ஒரு தடவ நெகட்டிவ்னா கேன்சர் இல்லன்னு எழுதிக் குடுத்துடாதீங்க.

ஏடிஏ 40 தாண்டுனா

மொதல்ல செல்லப் பாருங்க. லிம்ஃபோசைட்டா இருந்தா நம்ம ஊர்ல டிபிக்கு நல்ல வெயிட்டு. நியூட்ரோஃபிலா ரொம்பியிருந்தா எம்பையீமாவ (நெஞ்சுல சீழ்) நினைங்க, அதுலயும் ஏடிஏ எகிறும். லிம்ஃபோசைட்டா இருந்தாலும் லிம்ஃபோமாங்கிற கேன்சர்லயும் எகிறும்.

ஃப்ளூயிட் சிஆர்பி

ஜாஸ்தியா இருந்தா நிமோனியா பக்கம் சாயலாம். தனியா வச்சு முடிவெடுக்காதீங்க.

லேசிக்ஸ் போட்ட பேஷன்ட்டு

லேசிக்ஸ் யூரின் போக வைக்குற மருந்து, அதால ஹார்ட் ஃபெயிலியர் நீர்ல தண்ணி போயி புரதம் கெட்டியாயிடும், லைட் கணக்கு எக்ஸுடேட்னு பொய் சொல்லும். ரத்த ஆல்புமின்லேருந்து ஃப்ளூயிட் ஆல்புமின கழிங்க, டெசிலிட்டருக்கு 1.2 கிராமுக்கு மேலன்னா ட்ரான்சுடேட்தான் (ஹார்ட் ஃபெயிலியர் மாதிரி அழுத்தத்தால கசியுற நீர்).

ப்ரோகால்சிடோனின்

கம்மியா வந்தா இன்ஃபெக்‌ஷனே இல்லன்னு ஆயிடாது. இந்த ரத்த டெஸ்ட்டுக்குப் போற காசும் பேஷன்ட்டோடது.

பிஹெச்

நீரை ஏபிஜி (ரத்த வாயு டெஸ்ட்டு) சிரிஞ்சுல, காத்து இல்லாம, உடனே அனுப்புங்க. காத்து புகுந்தா ஏறும், மரத்துப்போக வைக்குற லிக்னோகெய்ன் கலந்தா இறங்கும். இன்ஃபெக்‌ஷன்ல 7.2க்கு கீழன்னா நெஞ்சுல டியூப் போட்டு நீரை வடிக்கணும்.

சீழ் வந்தா

டியூப் போடுங்க. அத ஏபிஜி மிஷின்ல விட்டு மிஷின கெடுக்காதீங்க.